இரண்டே நிமிடத்தில் பேச்சை முடித்துவிடுகிறானா? இருக்கட்டும்ங்க

வணக்கம்ங்க. பையன் இன்ஜினியரிங் கடைசி வருஷம், கேம்பஸ் இன்டர்வியூ நெருங்குகிறது. மற்ற பிள்ளைகள் மைக்கைப் பிடித்தால் பத்து நிமிடம் விடுவதில்லை, இவன் இரண்டு நிமிடத்தில் உட்கார்ந்துவிடுகிறான், பேச்சுப் பயிற்சியில் சேர்க்கலாமா என்று கோபியிலிருந்து கேட்டிருக்கீங்க.

பயந்துபோய்ப் பாதியில் நிறுத்துகிறான் என்றால் சேர்த்துவிடுங்க. சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு உட்காருகிறான் என்றால் நீட்டிப் பேசச் சொல்லிக் கெடுத்துவிடாதீங்க. நம் ஊர் மேடைப் பழக்கம் அப்படி. மூன்று நிமிடப் பேச்சில் தாளாளர் முதல் மைக் செட்காரர் வரை வணக்கம் வைப்பதிலேயே ஒரு நிமிடம் போய்விடும். இன்டர்வியூவில் அதற்கு யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

அவன் புராஜெக்ட் உரையை அனுப்பியிருந்தீங்க. "இன்றைய நவீன உலகில் ஐஓடி தொழில்நுட்பத்தின் வாயிலாக வேளாண் பாசனத்தை..." என்று ஆரம்பிக்கிறது. அரைப் பக்கம் தாண்டியும் விஷயம் வரவில்லை. அவன் செய்திருப்பது என்ன? மஞ்சள் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச நடுராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம். த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்ததும் போனுக்குத் தகவல் வரும், படுத்த இடத்திலிருந்தே மோட்டார் போடலாம், கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டால் மோட்டார் தானாக நின்றுவிடும். இப்படியே சொல்லட்டும். சென்சார், ரிலே பற்றியெல்லாம் அவர்களே கேட்பார்கள். அப்போது விலாவாரியாகச் சொல்லலாம்.

1863 நவம்பர் 19 அன்று அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க்கில், போரில் இறந்தவர்களின் கல்லறைத் திறப்பு விழாவில், பேர்போன பேச்சாளர் எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசினார். அடுத்து எழுந்த லிங்கன் சுமார் 270 சொற்களில் முடித்துக்கொண்டார். இரண்டு நிமிடத்தில் நீங்கள் தொட்ட கருத்தை நான் இரண்டு மணி நேரத்தில் நெருங்கியிருந்தாலே சந்தோஷப்படுவேன் என்று மறுநாள் எவரெட்டே அவருக்குக் கடிதம் எழுதினார். (ரயிலில் வரும்போது அவசரத்தில் கிறுக்கிய பேச்சு என்பது கட்டுக்கதை. முன்கூட்டியே எழுதித்தான் வைத்திருந்தார்.)

உங்கள் பையனும் எழுதி, அடித்து, திருத்தட்டும். ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் தமிழில் சொல்லிப் பார்க்கட்டும். அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்க. எங்கே தடுமாறுகிறாரோ அங்கே பையன் குழப்பியிருக்கிறான். அது சரியானதும் அதையே சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியங்களாக மாற்றிக்கொள்ளலாம். பயிற்சிக் கட்டணத்தை அதுவரைக்கும் கட்ட வேண்டாம்ங்க.