களி உருண்டையைப் பிள்ளைகளே உருட்டட்டும்

கேள்வி: பாலக்கோடு அருகே வசிக்கிறோம். கணவருக்கு ஓசூரில் வேலை; ஞாயிறு மட்டும்தான் வீட்டில் இருப்பார். அன்று மதியச் சாப்பாட்டை 9 வயது மகள், 5 வயது மகனையும் சேர்த்துக்கொண்டு சமைக்க ஆசை. சத்தாகவும் இருக்க வேண்டும். களி என்றாலே இருவரும் முகம் சுளிக்கிறார்கள். வேறு என்ன செய்யலாம்?

பதில்: களியையே செய்யுங்கள். பிள்ளைகள் வெறுப்பது பெரும்பாலும் கேழ்வரகின் சுவையை அல்ல. நாம் களியைக் கிள்ளி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்கிவிடுகிறோம். பிள்ளைகள் அதைச் சோறுபோல் மெல்லுகிறார்கள். பல்லிலும் அண்ணத்திலும் ஒட்டிக்கொள்கிறது. தட்டு நிறைய ஒரே உருண்டையைப் பார்த்ததும் மலைத்தும் போகிறார்கள். அதை நெல்லிக்காய் அளவாக்கி, அவர்கள் கையாலேயே உருட்டவிடுங்கள். தான் உருட்டியதைத் தின்று பார்க்காத பிள்ளையை நான் அதிகம் கண்டதில்லை.

இந்தத் தானியத்தைக் கைவிட எனக்கு மனம் வராது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி உங்கள் மகனுக்கு நாளொன்றுக்கு 550, மகளுக்கு 650 மில்லிகிராம் தேவை. தருமபுரிக்காரர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அளவு மிஞ்சினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு, நம் நிலத்தடி நீரில் பல இடங்களில் அதிகம். உணவில் போதிய கால்சியம் இருந்தால் உடல் ஃபுளோரைடை உறிஞ்சுவது குறையும். ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்டச் செறிவு கூடும். ஆகவே சமையலுக்கும் ஒகேனக்கல் குடிநீரையே பயன்படுத்துங்கள்.

நான்கு பேருக்கு அரை டம்ளர் அரிசி நொய்யை 5 டம்ளர் நீரில் உப்புப் போட்டுக் குழைய வேகவிடுங்கள். 2 டம்ளர் கேழ்வரகு மாவை மகள் அளந்து சலித்துத் தரட்டும். மாவை நடுவில் குவித்துக் கொட்டி, கிளறாமல், துடுப்புக் காம்பால் இரண்டு மூன்று குழி போட்டு மூடி, சிறு தீயில் 10 நிமிடம் விடுங்கள். இங்கே அவசரப்பட்டால் மாவு கட்டி தட்டும். பிறகு இறக்கிவைத்துக் கிண்டுவது உங்கள் கணவரின் வேலை. தோள் வலிக்கக் கிண்டினால்தான் களி மழமழவென்று வரும். இறுகினால் வெந்நீர் தெளிக்கலாம். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம்.

ஒரு எச்சரிக்கை: களி மேலே ஆறியதுபோல் தெரிந்தாலும் உள்ளே கொதிக்கும். தட்டில் பரப்பி, சூடு நன்றாகத் தணிந்ததும் நீங்கள் தொட்டுப் பார்த்த பிறகே பிள்ளைகள் கை வைக்கட்டும். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் இருந்தால் கையை நனைத்து நனைத்து உருட்டுவார்கள்.

தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரைக் கடைசல். பசலையில் ஆக்சலேட் அதிகம். அது கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். முருங்கையில் அந்தத் தொல்லை குறைவு. கீரை உருவுவதும் பூண்டு உரிப்பதும் மகனுக்கு. துவரம்பருப்பு, தக்காளி, பூண்டு, இரண்டு பச்சை மிளகாய் வெந்ததும் கீரையைச் சேர்த்து, அது வெந்தவுடன் இறக்கிவிடுங்கள். சட்டியை நீங்கள் பிடித்துக்கொள்ள, மகள் மத்தால் கடையலாம். தாளித்த பிறகு, பரிமாறும்போது எலுமிச்சை பிழியுங்கள். வைட்டமின் சி சூட்டில் அழியும். கீரையின் இரும்புச்சத்து உடலில் சேர அது வேண்டும். சாப்பாட்டோடு தேநீர் வேண்டாம், பெரியவர்களுக்கும்தான்.

நேரமிருந்தால் நிலக்கடலைத் துவையலும் அரைக்கலாம். வறுத்து ஆறிய கடலையைத் தேய்த்துத் தோலை ஊதிப் பறக்கவிடும் வேலைக்கு இரண்டு பேரும் போட்டிபோடுவார்கள். திண்ணையில் உட்காரவையுங்கள்.

முதல் வாரம் இரண்டு உருண்டை தின்றால் போதும், மூன்றாவதற்கு வற்புறுத்தாதீர்கள். மீந்த களியைத் தண்ணீரில் போட்டு வையுங்கள். திங்கள் காலை அதில் மோர் ஊற்றிக் கையால் கரைக்கும் பொறுப்பை மகனிடம் கொடுங்கள். சின்ன வெங்காயத்தை மகள் உரித்துத் தருவாள்.