மரபணு என்றால் பரம்பரையா? – கடிதம்

அன்புள்ள சார்,

ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சியாளர் ஜேனட் ரௌலி பற்றி நீங்கள் எழுதியதைப் படிக்கும்போது அப்பாவின் ரிப்போர்ட்தான் கண்முன் நின்றது. ஆறு மாதத்துக்கு முன் அவருக்கு சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய் என்று சொன்னார்கள். ரிப்போர்ட்டில் 9, 22 குரோமோசோம் இடமாற்றம் என்று இருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறார், நன்றாகத்தான் இருக்கிறார். பிரச்சினை வேறு. தங்கைக்கு வரன் கூடிவரும் நேரத்தில் பெரியப்பா வாய்தவறி "மரபணுக் கோளாறாம்" என்று சொல்லிவிட்டார். "ரத்தத்துல வர்ற வியாதின்னா பொண்ணுக்கும் இருக்கும்ல" என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்கிறார்கள். எங்களுக்கே இப்போது பயமாக இருக்கிறது. தங்கைக்கு டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

வேண்டாம். இதற்காகத் தங்கைக்கு எந்த டெஸ்டும் வேண்டாம். மிச்சத்தை நிதானமாகப் படியுங்கள்.

பெரியப்பாவைக் குற்றம் சொல்ல மாட்டேன். 'மரபணு' என்ற சொல்லுக்குள்ளேயே 'மரபு' உட்கார்ந்திருக்கிறது, காதில் விழுந்ததும் தாத்தா, பாட்டி, வம்சம் எல்லாம் வரிசையாக வந்து நின்றுவிடும். ஆனால் மரபணு பழுதாவது வேறு, அந்தப் பழுது பிள்ளைக்குப் போவது வேறு. அப்பா இந்தக் கோளாறோடு பிறக்கவில்லை. எப்போதோ ஒரு நாள், ரத்தம் உற்பத்தியாகும் எலும்பு மஜ்ஜையில் ஒரே ஒரு செல்லில், 9ஆம் குரோமோசோமின் (செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் இழைதான் குரோமோசோம்) நுனியும் 22இன் நுனியும் ஒடிந்து இடம் மாறி ஒட்டிக்கொண்டன. அந்த ஒரு செல் பெருகிப் பெருகித்தான் நோயாகியிருக்கிறது. விந்தணுவில் அது கிடையாது. பிறகு எப்படிப் பிள்ளைக்குப் போகும்?

ரௌலி கதையில் போன தடவை நான் அவசரமாகத் தாண்டிப்போன இடமும் இதுதான். 1960இல் பிலடெல்பியாவில் நோவெல், ஹங்கர்ஃபோர்ட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் சி.எம்.எல். நோயாளிகளின் செல்களில் வழக்கத்தைவிடக் குட்டியான குரோமோசோம் ஒன்றைப் பார்த்தார்கள். ஒரு துண்டு தொலைந்துவிட்டது என்றே பன்னிரண்டு வருஷம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ரௌலி அப்போது சிகாகோவில் நான்கு பையன்களை வளர்த்துக்கொண்டு வாரத்தில் சில நாள் மட்டும் வேலைக்குப் போய்வந்தவர். (மருத்துவக் கல்லூரியில் 65 இடத்தில் பெண்களுக்கு 3தான், அது நிரம்பிவிட்டது என்று ஒன்பது மாதம் காத்திருந்து சேர்ந்தவர், அது தனிக் கதை.) ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு புதுச் சாய முறையைக் கற்றுக்கொண்டு வந்தார். அந்தச் சாயத்தில் ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தனித்தனிப் பட்டைகள் தெரியும், கரையைப் பார்த்தே எந்த ஊர்ச் சேலை என்று சொல்கிறோமே அந்த மாதிரி. 1972இல் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் போட்டோக்களைப் பரப்பி, கத்தரிக்கோலால் ஒவ்வொரு குரோமோசோமாக வெட்டி ஜோடி சேர்ப்பார். அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறாள் என்று பையன்களுக்குக் கிண்டல். அந்த மேஜையில்தான் 9ஆம் குரோமோசோமின் நுனி கொஞ்சம் நீண்டிருப்பது கண்ணில் பட்டது. 22இல் காணாமல் போனது இங்கே ஒட்டியிருந்தது! 1973இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. உங்கள் அப்பாவின் ரிப்போர்ட்டில் இருக்கும் அந்த 9, 22 அதுதான்.

உங்களுக்கு வேண்டிய சாட்சியும் இதிலேயே இருக்கிறது. இதே நோயாளிகளின் தோல் செல்லை எடுத்துப் பார்த்தால் குரோமோசோம்கள் ஒழுங்காக இருக்கும். பரம்பரையாக வந்ததென்றால் உடம்பின் எல்லாச் செல்லிலும் அல்லவா இருக்க வேண்டும்?

பரம்பரையாக வரும் ரத்தக் கோளாறுகள் இல்லாமல் இல்லை. தலசீமியா, சிக்கிள் செல், ஹீமோஃபிலியா எல்லாம் அப்படித்தான். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் சிக்கிள் செல் உண்டு, அங்கே கல்யாணத்துக்கு முன் ரத்தம் பார்த்துக்கொள்வது நியாயம். ரத்தப் புற்றே சில குடும்பங்களில் வழிவழியாக வருவதும் உண்டு, ஆனால் அது அபூர்வம், உங்கள் அப்பாவுடையது அந்த வகை இல்லை.

அப்புறம், அந்த மாத்திரை இமாட்டினிப்தான் என்று நினைக்கிறேன். 9உம் 22உம் ஒட்டிய இடத்தில் உருவாகும் புது மரபணு, நிறுத்தத் தெரியாத ஒரு நொதியை (என்சைம்) செய்கிறது, அதன் வாயை அடைக்கிற மருந்து இது. அமெரிக்காவில் 2001இல் அனுமதி கிடைத்தது. இங்கே அதைத் தயாரித்த நோவார்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையை 2006இல் நிராகரித்தது நம் சென்னைக் காப்புரிமை அலுவலகம், 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. இல்லையென்றால் அந்த நாளில் இந்த மாத்திரைக்கு மாதம் லட்ச ரூபாய்க்கு மேல் எடுத்துவைக்க வேண்டியிருந்திருக்கும்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு நீங்கள் சொல்லி மாளாது. அப்பாவின் அடுத்த செக்கப்புக்கு மாப்பிள்ளைப் பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள், டாக்டர் வாயால் கேட்கட்டும். கேட்ட பிறகும் இழுத்தார்கள் என்றால் அவர்களுக்கு மனசில்லை என்று அர்த்தம், விட்டுவிடுங்கள்.

கல்யாண அலைச்சலில் அப்பா மாத்திரையை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று தானாக நிறுத்திக்கொள்கிறவர்கள் உண்டு. மாத்திரை இமாட்டினிப்தான் என்றால் வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பாட்டோடு, பெரிய தம்ளர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள்.