எம்பி3யை வெட்டினா ஏன் டிக் எண்டு கேக்குது?

உப்புவெளியில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கோணேசர் கோயில் திருவிழாவில ரெக்கோட் பண்ணின நாதஸ்வரக் கச்சேரி ஒரே எம்பி3 ஃபைலா இருந்திச்சாம், அதை துண்டு துண்டா வெட்டி பென்ட்ரைவில போட்டு ஓட்டோவில கேக்கேக்க துண்டு மாறுற இடமெல்லாம் ஒரு டிக் சத்தமும் சின்ன இடைவெளியும் வருதாம்.

தம்பி, பென்ட்ரைவில பிழையில்லை. எம்பி3 சத்தத்தை 1152 சாம்பிள் (சத்தத்தை அளந்து எடுத்த புள்ளிகள்) கொண்ட ஃபிரேம் எண்ட சின்னத் துண்டுகளா பிரிச்சுத்தான் வைக்குது, செக்கனுக்கு 44,100 சாம்பிள் எண்டா ஒரு ஃபிரேம் கிட்டத்தட்ட 26 மில்லிசெக்கன். ஆனா ஒரு ஃபிரேமும் தனிச்சு நிக்காது. கிடுகு வேயேக்க ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறி நிக்கிற மாதிரி பக்கத்துப் பகுதியோட பாதி ஏறினபடிதான் கணக்குப் போடுது, ரெண்டையும் கூட்டினாத்தான் சரியான சத்தம் வரும். அதைவிட முக்கியம், தவில் அடி விழுற ஃபிரேமுக்கு கூடுதலா டேட்டா வேணும் எண்டதால அந்த ஃபிரேம் முன் ஃபிரேம்களில மிஞ்சிக் கிடக்கிற இடத்திலயே தன்ட டேட்டாவை எழுதத் தொடங்கிடும், 511 பைட் வரைக்கும் பின்னுக்குப் போகலாம். நீங்க வெட்டினா அந்த டேட்டா முந்தின துண்டோட போயிடுது, புதுத் துண்டின்ட முதல் ஃபிரேமை பிளேயரால விரிச்சு சத்தமாக்க ஏலாது. அதுதான் டிக்.

இடைவெளி வேற கதை. எம்பி3யா திரும்ப சேவ் பண்ணேக்க தொடக்கத்தில கொஞ்சம் சத்தமில்லாத வெற்றிடம் சேரும், லேம் எண்ட எம்பி3 ஆக்கிற மென்பொருளில (என்கோடர்) 576 சாம்பிள், விரிக்கேக்க இன்னும் 529. கடைசி ஃபிரேம் நிரம்பாட்டி அதையும் வெறுமையா நிரப்பும். லேம் இந்தக் கணக்கை ஃபைலின்ட முன்னுக்கு எழுதி வைக்கும், நல்ல ஃபோன் பிளேயர்கள் அதை வாசிச்சு வெட்டிவிடும், ஓட்டோவில பூட்டுற யுஎஸ்பி பிளேயர் கனக்க அதைப் பாக்கிறதேயில்லை.

அதால ஓடாசிட்டி மாதிரி சத்தம் வெட்டி ஒட்டுற மென்பொருளில திறந்து திரும்ப எம்பி3யா எடுக்காதீங்க, தரமும் இன்னொருக்கா குறையும். எம்பி3டைரக்ட்கட் எண்ட மென்பொருள் ஃபிரேம் எல்லையில அப்படியே வெட்டும், அதிலயும் ஒரு உருப்படி முடிஞ்சு தவில் ஓய்ஞ்ச இடமாப் பாத்து வெட்டுங்க, அங்க டிக் வந்தாலும் காதில படாது. ரெக்கோடரில வேவ் ஃபைல் (சுருக்காத சத்தம்) இன்னும் இருந்தா அதை வேவாவே வெட்டுங்க, எம்பி3யால வாற இந்தப் பிரச்சினை வராது, இடம்தான் கூடப் பிடிக்கும். தனி ஆவர்த்தனத்தை மட்டும் எதிலயும் பிரிக்காதீங்க. வெட்டாத முழு ஃபைலை ரெண்டு இடத்தில கொப்பி பண்ணி வைச்சிட்டு பிறகு கைவையுங்க, அந்தக் கச்சேரியை திரும்ப ரெக்கோட் பண்ண ஏலாது.