பாடசாலையில் கணித ஆசிரியர் இல்லை: யாரிடம் கேட்பது?

கேள்வி: எங்கள் மகன் வன்னியில் ஒரு கிராமப் பாடசாலையில் தரம் 9 படிக்கிறான். முதலாந் தவணை முடியும்போது கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். இப்போது மூன்றாந் தவணை நடக்கிறது, இன்னும் ஒருவரும் வரவில்லை. அதிபரைக் கேட்டால் வலயக் கல்வி அலுவலகத்துக்கு அறிவித்துவிட்டதாகச் சொல்கிறார். வலயத்தில் கேட்டால் மாகாணம்தான் ஆள் தர வேண்டும் என்கிறார்கள். மாகாணத்துக்குப் போன் எடுத்தால் வலயத்தோடு கதையுங்கள் என்கிறார்கள். நேரடியாகக் கொழும்புக்கு, கல்வி அமைச்சுக்கு எழுதலாமா?

பதில்: எழுதலாம், ஆனால் அதனால் உங்கள் மகனுக்கு ஆசிரியர் வரமாட்டார். பத்தரமுல்லை இசுருபாயவில் உள்ள கல்வி அமைச்சு உங்கள் கடிதத்துக்கு ஒரு மேலுறை இணைத்து, ‘தேவையான நடவடிக்கைக்காக’ என்று உங்கள் மாகாணத்துக்கே திருப்பி அனுப்பும். மாகாணம் அதை வலயத்துக்கு அனுப்பும். சில வாரங்கள் போன பிறகு கடிதம் நீங்கள் ஏற்கெனவே போய் நின்ற அதே மேசைக்கு வந்து சேரும்.

காரணம் 1987இல் வந்த 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம். அதன்படி இலங்கையின் அரச பாடசாலைகள் இரண்டு கூறாகின. தேசிய பாடசாலைகள் நேரடியாக மத்திய கல்வி அமைச்சின் கீழ் உள்ளன. மற்றவை எல்லாம் மாகாண பாடசாலைகள். நாட்டில் 10,000 அளவில் அரச பாடசாலைகள் இருக்கின்றன, அவற்றில் தேசிய பாடசாலைகள் சில நூறுதான். கிராமப் பாடசாலை என்றால் அது அநேகமாக மாகாணத்துடையது. அதற்கு ஆசிரியரை நியமிப்பது, இடமாற்றுவது, சம்பளம் கொடுப்பது எல்லாம் மாகாணத்தின் பொறுப்பு. பாடத்திட்டத்தை மஹரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகம் தயாரிக்கிறது, பாடநூல் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்திலிருந்து வருகிறது, பொதுப் பரீட்சையைப் பரீட்சைத் திணைக்களம் நடத்துகிறது. இவை மூன்றும் மத்தியைச் சேர்ந்தவை. ஆகவே உங்கள் மகனின் கையில் இருக்கும் கணிதப் புத்தகம் கொழும்பின் பொறுப்பு, அதைப் படிப்பிக்க வேண்டியவர் மாகாணத்தின் பொறுப்பு.

மாகாணத்துக்குள் நிர்வாகம் இப்படி இறங்கி வருகிறது. மேலே மாகாணக் கல்வி அமைச்சும் அதன் செயலாளரும். அடுத்து மாகாணக் கல்வித் திணைக்களமும் மாகாணக் கல்விப் பணிப்பாளரும். அப்புறம் வலயம், அதன் கீழ் கோட்டம், கடைசியில் அதிபர். கோட்டக் கல்விப் பணிப்பாளர் பாடசாலையை மேற்பார்வை செய்வார், அறிக்கை எழுதுவார். ஆனால் ஆளைத் தூக்கி வைக்கும் அதிகாரம் அவரிடம் பெரிதாக இல்லை. ஒரு வலயத்துக்குள் பாடசாலை விட்டுப் பாடசாலை மாற்றுவதை வலயக் கல்விப் பணிப்பாளர் கையாள்வார். ஒரு வலயத்திலிருந்து இன்னொரு வலயத்துக்கு என்றால் மாகாணத்துக்குப் போக வேண்டும். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்துபோனது. அதன்பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நடக்காததால், மக்கள் தெரிவுசெய்த மாகாணக் கல்வி அமைச்சர் என்று ஒருவரைத் தேடிப் போக வழியில்லாமல் போயிற்று. அந்த இடத்தில் ஆளுநரும் அமைச்சின் செயலாளரும்தான். மக்களுக்கு இது பெரிய இழப்பு. வாக்குக் கேட்டு வருகிறவரிடம் கேள்வி கேட்கலாம், அலுவலகக் கோவையிடம் கேட்க முடியாது.

இனி உங்கள் பிரச்சினைக்கு வருவோம். ‘ஆசிரியர் இல்லை’ என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் மூன்று வேறு நிலைமைகள் இருக்கலாம். எது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் மூன்றுக்கும் வெவ்வேறு மேசைகள்.

முதலாவது, அந்தப் பாடசாலைக்கு ஆளணியே, அதாவது அந்தப் பாடத்துக்கான ஆசிரியர் பணியிடமே, அங்கீகரிக்கப்படாமல் இருப்பது. மாணவர் தொகை குறைந்த பாடசாலைகளில் இது நடக்கும். இரண்டாவது, ஆளணி உண்டு, போனவருக்குப் பதிலாள் வரவில்லை. இது உண்மையான வெற்றிடம். மூன்றாவதைத்தான் பெற்றோர் கவனிப்பதில்லை. கடதாசியில் உங்கள் பாடசாலைக்கு ஒரு கணித ஆசிரியர் இருப்பார். அவருடைய சம்பளமும் அந்தப் பாடசாலைக் கணக்கிலேயே போகும். ஆனால் அவர் ‘தற்காலிக இணைப்பு’ என்று நகரத்தில் ஒரு பாடசாலையிலோ ஓர் அலுவலகத்திலோ வேலை செய்துகொண்டிருப்பார். வலயத்தின் பட்டியலில் உங்கள் பாடசாலைக்கு நேரே வெற்றிடம் பூச்சியம் என்று இருக்கும். வெற்றிடம் இல்லாத இடத்துக்குப் புதிய நியமனத்தில் எவரும் வரமாட்டார். பாடசாலைக்கு ஆண்டுதோறும் எடுக்கும் தொகைமதிப்பிலும் அவர் பெயர் எண்ணப்படும்.

மகப்பேற்று விடுமுறையும் இதே வகைதான். அரச சேவையில் 84 வேலைநாள் முழுச் சம்பளத்துடன் விடுமுறை உண்டு, அதற்கு மேல் நீடிக்கவும் இடமுண்டு. அது அந்த ஆசிரியையின் உரிமை, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் காலத்துக்குப் பதில் ஒழுங்கு செய்வது நிர்வாகத்தின் கடமை.

இந்தச் சுமை ஏன் சின்னப் பாடசாலைகளிலேயே விழுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் பாடசாலைகள் நான்கு வகை. உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை 1AB, கலை, வர்த்தகம் மட்டும் உள்ளவை 1C, தரம் 11 வரை உள்ளவை வகை 2, ஆரம்ப வகுப்புகளோடு நிற்பவை பெரும்பாலும் வகை 3. பட்டணத்து 1AB பாடசாலையில் கணிதத்துக்கு ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். ஒருவர் போனால் மற்றவர்கள் நேரசூசியைப் பங்குபோட்டுச் சமாளிப்பார்கள். வகை 2 பாடசாலையில் தரம் 6 முதல் 11 வரை தரத்துக்கு ஒரு வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வகுப்புக்கும் கணிதத்துக்கு ஒரே ஆள்தான். அவர் போனால் அந்தப் பாடசாலையில் கணிதமே போய்விடும். நேரசூசியில் கணிதம் என்று எழுதியிருக்கும் பாடவேளையில், பக்கத்து வகுப்பில் இருக்கும் ஆசிரியை வாசலில் வந்து நின்று சத்தம் போடாமல் இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போவார். பட்டணத்தில் ஒரு வெற்றிடம், கிராமத்தில் ஒரு வெற்றிடம் என்று இரண்டையும் ஒரே எண்ணாகக் கூட்டும் அறிக்கைகளை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

சரி, செய்ய வேண்டியது என்ன?

முதலில் அதிபரைச் சந்தித்து இரண்டே கேள்விகள் கேளுங்கள். கணிதத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எத்தனை? இப்போது சம்பளப் பட்டியலில் அந்தப் பாடத்துக்கு யாராவது இருக்கிறார்களா? அதிபரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவரும் பல தடவை எழுதியிருப்பார், மேலே வற்புறுத்திக் கேட்க அவருக்குத் தயக்கம் இருக்கும். பெற்றோருக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. அதனால்தான் இது பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வேலையாகிறது. சங்கத்துக்குத் தலைவர் அதிபர், உறுப்பினர் நீங்கள் எல்லோரும். கூட்டத்தில் தீர்மானமாக எடுத்து, கூட்டறிக்கையில் பதியச் செய்யுங்கள். ஒரு தாய் தனியாக எழுதிய கடிதத்துக்கும், சங்கத்தின் தீர்மானத்தோடு நாற்பது பெற்றோர் ஒப்பமிட்ட கடிதத்துக்கும் அலுவலகத்தில் கிடைக்கும் கவனம் ஒன்றல்ல.

அடுத்து வலயக் கந்தோர். அங்கே போனதும் நேரே வலயக் கல்விப் பணிப்பாளரின் அறைக்கு முன் காத்திருப்பதுதான் எல்லோருடைய பழக்கம். அதற்கு முன்னால் கணித பாடத்துக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளரையும் ஆசிரிய ஆலோசகரையும் பாருங்கள். வலயத்தில் எந்தப் பாடசாலையில் கணிதத்துக்கு ஆள் மேலதிகமாக இருக்கிறார், யார் எங்கே இணைப்பில் நிற்கிறார் என்பது அவர்களுக்கு விரல்நுனியில் தெரியும். மேலதிக ஆசிரியர் வலயத்துக்குள்ளேயே இருந்தால், மாகாணத்தின் கையை எதிர்பார்க்காமல் அவரை உங்கள் பாடசாலைக்கு அனுப்பலாம். அது உடனே முடியாவிட்டால், வாரத்தில் இரண்டு நாள் பக்கத்துப் பாடசாலை ஆசிரியர் ஒருவரை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். முழுத் தீர்வு இல்லைதான், ஆனால் பிள்ளைக்கு அலகுகள் விட்டுப்போகாமல் இருக்கும்.

கடிதத்தைச் சுருக்கமாக எழுதுங்கள். மனக்குறையைக் கொட்டும் மூன்று பக்கக் கடிதத்தை எவரும் முழுதாக வாசிப்பதில்லை. இப்படி இருந்தால் போதும்:

“எமது பாடசாலையில் தரம் 6 முதல் 11 வரையான வகுப்புகளுக்கு இவ்வாண்டு முதலாந் தவணை இறுதியிலிருந்து கணித ஆசிரியர் இல்லை. பாதிக்கப்பட்ட மாணவர் தொகை இவ்வளவு. இவர்களில் இவ்வளவு பேர் அடுத்த க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவுள்ளனர். இப்பாடத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எத்தனை, வெற்றிடம் எத்தனை, எத்தனை பேர் வேறிடங்களுக்கு இணைக்கப்பட்டுள்ளனர் என்பதையும், வெற்றிடம் நிரப்பப்படும் திகதியையும் எழுத்தில் அறியத் தரவும்.”

வலயக் கல்விப் பணிப்பாளருக்கு முகவரியிட்டு, மாகாணக் கல்விப் பணிப்பாளருக்கும் மாகாணக் கல்வி அமைச்சின் செயலாளருக்கும் பிரதி வையுங்கள். பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது நேரில் கொடுத்து உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். நீங்கள் இதுவரை எடுத்த போன்களுக்கு எந்த அலுவலகத்திலும் பதிவு இல்லை. வலயமும் மாகாணமும் மாறி மாறிக் கைகாட்ட முடிந்தது அதனால்தான். ஒரே கடிதம் இரண்டு இடத்திலும் கோவையில் ஏறிவிட்டால், பந்தைத் தள்ளிவிடுகிறவரும் அதை எழுத்தில்தான் செய்ய வேண்டியிருக்கும்.

மூன்று நான்கு வாரம் பதில் இல்லையா? அப்போது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை எடுங்கள். வலயத்திலும் மாகாணத் திணைக்களத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழிலேயே விண்ணப்பிக்கலாம், கொடுத்ததற்கு எழுத்தில் ஒப்புகை கேட்டு வாங்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாளுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தாலோ மௌனம் காத்தாலோ அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. கேட்க வேண்டியதைச் சரியாகக் கேளுங்கள்: வலயத்தின் ஒவ்வொரு பாடசாலைக்கும் கணித ஆளணி எத்தனை, கடமையில் உள்ளோர் எத்தனை, இணைப்பில் சென்றோர் எத்தனை. ஆட்களின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு பேசும்போது, ஆள் இல்லை என்ற பதில் நிற்காது. எங்கோ ஒரு பாடசாலையில் ஆள் கூடுதலாக இருப்பது அங்கேயே எழுதியிருக்கும்.

இரண்டு குறுக்கு வழிகளைப் பற்றி உங்களுக்கு நிச்சயம் யாராவது சொல்வார்கள். ஒன்று, நாடாளுமன்ற உறுப்பினரின் கடிதம். சில நேரம் வேலை செய்யும். ஆனால் அது பெரும்பாலும் இன்னொரு கிராமப் பாடசாலையின் ஆசிரியரை இணைப்பில் கொண்டுவருவதாகவே முடியும். அங்கே இன்னொரு தாய் நீங்கள் கேட்ட கேள்வியைக் கேட்பார். வெற்றிடங்களை வெளிப்படையாகச் சமப்படுத்தச் சொல்லிக் கேட்க நாடாளுமன்ற உறுப்பினரைப் பயன்படுத்துங்கள், தனியாள் ஒருவருக்காக வேண்டாம். மற்றது, பெற்றோர் காசு சேர்த்துத் தொண்டர் ஆசிரியரை வைப்பது. உங்கள் ஊரில் நல்ல பட்டதாரிப் பிள்ளை ஒருவர் இருந்தால், அதிபரினதும் வலயத்தினதும் எழுத்து அனுமதியோடு, ஒரு தவணைக்கு என்று சொல்லிச் செய்யலாம். காசு கொடுக்க முடியாத பெற்றோரின் பிள்ளையை அந்தப் பாடத்திலிருந்து ஒதுக்கக் கூடாது. தொண்டர் வந்துவிட்டார் என்று வெற்றிடத்தைப் பற்றிக் கேட்பதை நிறுத்தவும் கூடாது. வடக்கு கிழக்கில் ஆண்டுக்கணக்காகத் தொண்டராகவே இருந்து, நிரந்தர நியமனம் கேட்டு வீதியில் நின்றவர்கள் பலர். அவர்கள் உழைப்பில் நிர்வாகம் மூச்சுவிட்டது, அவர்களுக்கு அது சோறு போடவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் அசைவில்லை என்றால் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் அதற்குப் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. ஒரே மாகாணத்தில் ஒரு பாடசாலைக்கு மேலதிகமும் இன்னொன்றுக்கு வெறுமையும் என்பதைச் சமத்துவப் பிரச்சினையாக அங்கே வைக்கலாம். முத்திரை குத்திய கடிதப் பிரதியும் தகவல் விண்ணப்பத்துக்கு வந்த பதிலும் கையில் இருந்தால் முறைப்பாடு எழுத அரைமணி நேரம் போதும்.

கடைசியாக, உங்கள் பாடசாலை தேசிய பாடசாலையாக இருந்தால், மேலே சொன்ன கடிதத்தின் முகவரி மட்டும் மாறும். ஆசிரியர் இடமாற்றமும் நியமனமும் மத்திய கல்வி அமைச்சில் தீர்மானமாகும் என்பதால், அப்போது இசுருபாயவுக்கு எழுதுங்கள், பிரதியை வலயத்துக்கு வையுங்கள். எது என்று சந்தேகமாக இருந்தால் அதிபரின் கடிதத் தலைப்பைப் பாருங்கள், அல்லது அலுவலகத்தில் ஒரு சொல் கேளுங்கள். கூட்டத்தை இந்தத் தவணை முடியுமுன்னே வைத்துவிடுங்கள். வருடாந்த இடமாற்றங்கள் பெரும்பாலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்தை ஒட்டியே அமுலுக்கு வரும், பட்டியல் தயாராவதற்கு முன் உங்கள் கடிதம் கோவையில் இருக்க வேண்டும்.