வெஜினிஸ்மஸ்: ஆபரேஷன்தான் வழியா?

கல்யாணமாகி ஒரு வருடமாகியும் உறவு கொள்ள முடியவில்லை, வெஜினிஸ்மஸ் என்கிறார்கள், ஆபரேஷன் செய்தால் தீருமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டு சம்மதிக்காதீர்கள். மூன்று வருடம் யாரிடமும் சொல்லாமல் இதோடு அல்லாடியவள் நான். சிகிச்சையில் எனக்குச் சரியானது.

உங்கள் உறுப்பு சின்னதாக இருப்பதால் வரும் பிரச்சினை இல்லை இது. கண்ணருகே எதையாவது கொண்டுவந்தால் இமை தானாக மூடுமே, அப்படித்தான் பிறப்புறுப்பைச் சுற்றியுள்ள இடுப்புத் தளத் தசைகள் நம்மைக் கேட்காமலே இறுகுகின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றால், அந்த வலியை நினைவில் வைத்து அடுத்த முறை இன்னும் இறுகும். அதனால் சிகிச்சை நடக்கும்போது உறவுக்கு முயல்வதை நிறுத்திவையுங்கள். தொடுவதையும் அணைப்பதையும் நிறுத்த வேண்டியதில்லை.

முதலில் மகப்பேறு மருத்துவரிடம் போய் தொற்று, தோல் நோய், பிறப்புறுப்பில் பிறவியிலேயே சதைத் தடுப்பு ஏதும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறவித் தடுப்பு இருந்தால் சின்ன ஆபரேஷன் தேவைப்படலாம். மற்றபடி, கன்னித்திரையை வெட்டினால் சரியாகும் என்று எனக்கும் ஒருவர் சொன்னார். இறுகுவது தசை, திரையை வெட்டி என்ன பயன்?

என்னை மாற்றியது இடுப்புத் தளப் பிசியோதெரபியும் டைலேட்டரும்தான். டைலேட்டர்கள் என்பவை பிறப்புறுப்புக்குள் வைத்துப் பழகும் வழவழப்பான குழல் போன்ற கருவிகள், சுண்டுவிரல் பருமனில் தொடங்கி படிப்படியாகப் பெரிதாகும். வழவழப்புக்கு நீர் சார்ந்த ஜெல் தடவி, மூச்சை வயிறு வரை இழுத்து, தசை தளரும்போது மெதுவாக நீங்களே வைக்க வேண்டும். தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். வலியில்லாமல் பழகிய பிறகே அடுத்த அளவு. இரண்டாவது அளவிலேயே நான் ஐந்து வாரம் நின்றேன், அழுதேன், பிறகு ஒருநாள் அது சாதாரணமாகிவிட்டது. இடுப்புத் தளத் தசையை இறுக்கிப் பிடித்து விடும் கெகல் பயிற்சியை நீங்களாகச் செய்யாதீர்கள். அது இறுக்கக் கற்றுக்கொடுப்பது, நமக்கு வேண்டியது தளர்த்துவது.

பயம் ஆழமாக இருந்தால் பாலியல் ஆலோசகரையும் பாருங்கள், முடிந்தால் கணவரோடு. இவற்றுக்கெல்லாம் அசையாவிட்டால் மயக்க மருந்து கொடுத்துத் தசையில், அதைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி போடுகிறார்கள். அதன் வேலை சில மாதங்கள்தான், அதற்குள் டைலேட்டர் பயிற்சியைச் செய்தாக வேண்டும். பிரசவத்துக்குப் பிறகோ மாதவிடாய் நின்ற பிறகோ வந்த வலி என்றால் வறட்சி காரணமாக இருக்கலாம், அதற்கு ஈஸ்ட்ரோஜன் கிரீம் தருவார்கள்.

பரிசோதனை மேசையில் படுப்பதற்கு முன்பே, "நிறுத்துங்கள் என்றால் நிறுத்திவிடுங்கள், டாக்டர்" என்று சொல்லிவிடுங்கள். அதை மதிக்காதவரிடம் இரண்டாம் முறை போகாதீர்கள்.