கேள்வி – பதில்: யூன் 24

இம்மாதம் வந்த கடிதங்களிற் பெரும்பாலானவை, பேசிவைத்து எழுதியவை போல, யூன் 24 ஆம் திகதியைப் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே ஏனைய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இம்முறை இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் பாடசாலையில் காலைப் பிரார்த்தனைக்குப் பின் ‘இன்றைய நாள்’ என்ற குறிப்பை ஒரு மாணவர் வாசிப்பது வழக்கம். கண்ணதாசனும் எம்.எஸ். விசுவநாதனும் யூன் 24 இல் பிறந்தவர்கள் என்று ஒரு மாணவி எழுதிவந்தாள். இது உண்மையா? உண்மையானாலும், தற்செயலான ஒரு பொருத்தத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்வதால் என்ன பயன்?
— ஓர் ஆசிரியை, மாங்குளம்

பதில்: உண்மைதான், அந்த மாணவியைப் பாராட்டுங்கள். முத்தையா என்ற இயற்பெயர் கொண்ட கண்ணதாசன், காரைக்குடிக்கு அருகேயுள்ள சிறுகூடல்பட்டியில் 1927 யூன் 24 அன்று பிறந்தார். சரியாக ஓராண்டு கழித்து, 1928 யூன் 24 அன்று, பாலக்காட்டுப் பக்கத்து எலப்புள்ளியில் விசுவநாதன் பிறந்தார். ஒருவர் செட்டிநாட்டுத் தமிழில் வளர்ந்தவர்; மற்றவர் மலையாளம் பேசும் வீட்டிற் பிறந்து, சிறுவயதிலேயே தந்தையை இழந்து, பாட்டை நம்பி வெளியேறியவர்.

1949 இல் வெளிவந்த ‘கன்னியின் காதலி’ படத்திற்கே கண்ணதாசன் முதன்முதலாகத் திரைப்பாட்டு எழுதினார். அப்படத்தின் இசையமைப்பாளர்களான எஸ்.எம். சுப்பையா நாயுடு, சி.ஆர். சுப்பராமன் ஆகிய இருவரிடமும்தான் விசுவநாதன் உதவியாளராக இருந்து தொழில் கற்றார். 1952 இல் சுப்பராமன் இளவயதிலேயே மறைந்துபோக, அவர் அரைகுறையாக விட்டுச்சென்ற வேலைகளை விசுவநாதனும் ராமமூர்த்தியும் முடித்துக்கொடுத்தார்கள். இருவரும் ஒரு சோடியாகப் பெயரெடுக்க வழிபிறந்தது அப்போதுதான். அதன்பிறகு கண்ணதாசனின் சொல்லும் விசுவநாதனின் மெட்டும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கூடவே நடந்தன. கவிஞர் 1981 ஒக்டோபர் 17 இல், சிக்காகோ நகர மருத்துவமனை ஒன்றிற் காலமானார். மெல்லிசை மன்னர் 2015 யூலை 14 இல் சென்னையிற் காலமானார்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. நாள் பொருந்தியது தற்செயல்தான். ஆனால் அந்த நாளைச் சாட்டாக வைத்து, ஒரு பாட்டு எப்படி உருவாகிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். அவர்கள் வேலைசெய்த முறை எளிமையானது. விசுவநாதன் ஆர்மோனியத்தின் முன் அமர்ந்து மெட்டைத் ‘தன்னன்னா’ என்று தத்தகாரத்தில் பாடுவார். கண்ணதாசன் கையிற் பேனை இராது. சொற்களை வாயாற் சொல்லிக்கொண்டே போவார். உதவியாளராக இருந்த பஞ்சு அருணாசலம் அவற்றை எழுதிக்கொள்வார். சில பாடல்களுக்கு இது தலைகீழாகவும் நடந்தது. சொல் முதலில் வந்து, மெட்டு அதன் பின்னால் வந்தது.

இதை வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். 1962 இல் வெளிவந்த ‘பலே பாண்டியா’ படத்தில் ‘அத்திக்காய் காய் காய்’ என்று தொடங்கும் பாடலை எடுங்கள். முதலிற் பிள்ளைகளைத் தத்தகாரத்தில் மட்டும் பாட விடுங்கள்; பிறகு சொற்களோடு பாட விடுங்கள். அத்திமரத்துக் காயென்று காதில் விழுவதைப் பிரித்துப் பார்த்தால், ‘அத் திக்காய்க் காய்’, அந்தத் திசை நோக்கி ஒளிவீசு என்று நிலவைக் கேட்பதாக ஆகிறது. அடுத்து வரும் இத்திக்காயும் அப்படியே இந்தத் திசையாகிவிடுகிறது. சிலேடை நமது தனிப்பாடற் புலவர்களுக்குப் பழகிய வித்தை. அதை நால்வர் சேர்ந்து பாடும் சினிமாப் பாட்டுக்குள் கொண்டுவந்ததும், ‘காய்’ என்ற நெட்டோசை விழும் இடமெல்லாம் தாளத்தின் தட்டு விழும்படி மெட்டு அமைந்ததும், ஒருவருடைய வேலை மற்றவருக்கு நன்றாக விளங்கியிருந்தாலன்றி நடந்திராது. இதைப் பத்து நிமிடத்தில் ஒரு வகுப்புக்குக் காட்ட முடியும். அந்தப் பத்து நிமிடத்துக்காகவாவது இந்த நாளைக் குறித்துவையுங்கள்.

கேள்வி: அதே நாளில் வேறு நாடுகளின் இசையுலகில் ஏதும் நடந்ததா?
— ஓர் உயர்தர மாணவன், முள்ளியவளை

பதில்: நடந்தது, தம்பி, அதுவும் ஒரு கவிஞரையும் ஒரு பாடகரையும் சேர்த்தே பற்றியது. அதனாலேயே அதைச் சற்று விரித்து எழுதுகிறேன்.

1935 யூன் 24 அன்று பிற்பகல், கொலம்பியா நாட்டின் மெடெயீன் நகர விமான நிலையத்தில், மேலெழ ஓடிய ஒரு விமானம் நிறுத்திவைக்கப்பட்டிருந்த இன்னொரு விமானத்தின் மீது மோதித் தீப்பற்றியது. அதில் இருந்தவர் பாடகர் கார்லோஸ் கார்தெல். ஆர்ஜென்ரீனாவின் தாங்கோ இசை அதுவரை பெரும்பாலும் ஆடுவதற்கான இசையாகவே இருந்தது. 1917 இல் அவர் ஒலிப்பதிவு செய்த ஒரு பாடலோடு அது உட்கார்ந்து கேட்கும் பாட்டாக, ஒரு கதையையும் ஒரு துயரையும் சொல்லும் பாட்டாக மாறியது என்பது அந்நாட்டு இசை வரலாற்றாசிரியர்களின் கருத்து. அவரோடு அதே விமானத்தில் இறந்தவர்களில் ஒருவர் அல்பிரெடோ லெ பெரா. கார்தெல் இறுதி ஆண்டுகளில் நடித்த திரைப்படங்களுக்குக் கதையும் பாட்டும் எழுதியவர் அவர்தான்; மெட்டுகளைக் கார்தெல் அமைத்தார். அவர்கள் இருவரும் 1935 இல் ஆக்கிய ‘போர் உனா கபேசா’ என்ற தாங்கோவைப் பிற்காலத்து ஆங்கிலப் படங்களில், ஒரு சோடி ஆடும் காட்சிகளில், பெயர் தெரியாமலே நீங்கள் கேட்டிருக்கக்கூடும். நம் பக்கத்தில் ஒரு கவிஞரும் ஓர் இசையமைப்பாளரும் இந்த நாளிற் பிறந்தார்கள். அந்தப் பக்கத்தில் அதே தொழிற்சோடி ஒன்று இந்த நாளில் ஒன்றாக எரிந்துபோயிற்று. இதை முதன்முதலாக வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் முற்றத்தில் இருந்தேன்.

கார்தெலின் உடல் பல நாடுகளைச் சுற்றி 1936 பெப்ரவரியிலேயே புவனஸ் அயர்ஸ் வந்துசேர்ந்தது. அங்குள்ள சக்கரீத்தா மயானத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. சிலையின் விரல்களுக்கிடையே எரியும் சிகரெட்டைச் செருகிவிட்டுப் போகும் வழக்கம் இன்னும் உண்டு. “நாளுக்கு நாள் இன்னும் நன்றாகப் பாடுகிறார்” என்று இறந்த மனிதரைப் பற்றி அந்த ஊரார் சொல்வார்கள். அவருடைய மூல ஒலிப்பதிவுகளை யுனெஸ்கோ 2003 இல் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. ஆர்ஜென்ரீனா தனது தேசிய தாங்கோ நாளாகக் கொண்டாடுவது டிசம்பர் 11 ஆம் திகதியை. காரணம், கார்தெலும் யூலியோ தெ காரோ என்ற தாங்கோ இசையமைப்பாளரும் வெவ்வேறு ஆண்டுகளில் அதே நாளிற் பிறந்தவர்கள். டிசம்பர் 11 நமக்கு யாருடைய பிறந்தநாள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை; எங்கள் பாரதிக்கு வயது எட்டாகிய அன்று கார்தெல் பிறந்தார்.

இன்னொன்று, 1966 யூன் 24 அன்று பீற்றில்ஸ் குழுவினர் ஜெர்மனியின் மியூனிக் நகரில் இரண்டு காட்சிகள் பாடித் தமது பயணமொன்றைத் தொடங்கினார்கள். ‘ரிவோல்வர்’ என்ற இசைத்தட்டின் ஒலிப்பதிவை முடித்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ஆனால் அதில் உள்ள ஒரு பாட்டைக்கூட அவர்கள் அந்தப் பயணத்தில் மேடையிற் பாடவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் நாடாவை வெட்டியும் ஒட்டியும் திருப்பி ஓடவிட்டும் உண்டாக்கிய ஓசையை அன்றைய மேடையில் நால்வரால் எழுப்ப முடியாது. அதே ஆண்டு ஓகஸ்ட் 29 இல் சான் பிரான்சிஸ்கோவில் பாடியதோடு கட்டணக் கச்சேரிகளை அவர்கள் முற்றாக நிறுத்திக்கொண்டார்கள். கித்தார்க் கலைஞர் ஜெவ் பெக் 1944 இலும், மேளக் கலைஞர் மிக் பிளீட்வூட் 1947 இலும் இதே நாளிற் பிறந்தவர்கள்.

கேள்வி: இளையராஜாவின் பிறந்தநாள் யூன் 2 ஆ, 3 ஆ?
— ஒரு வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: பிறந்தது 3 ஆம் திகதி. அது கலைஞர் கருணாநிதியின் பிறந்தநாளும் ஆகையால், தமக்கு ‘இசைஞானி’ என்ற பட்டத்தை அளித்த அவருக்கு மதிப்பளித்து 2 ஆம் திகதியிற் கொண்டாடுகிறார்.

கேள்வி: மைக்கல் ஜக்சன் இறந்ததும் யூன் 24 என்று என் நண்பர் சாதிக்கிறார். நான் 26 என்று நினைக்கிறேன். எது சரி?
— ஒரு வாசகர், கிளிநொச்சி

பதில்: அவர் இறந்தது 2009 யூன் 25. நண்பர் ஒரு நாள் முந்திவிட்டார். உங்கள் நினைவில் ஒரு நியாயம் இருக்கிறது. லொஸ் ஏஞ்சலிஸ் மருத்துவமனையில் அவருடைய மரணம் அறிவிக்கப்பட்டபோது அங்கே பிற்பகல் 2.26 மணி, இலங்கையில் அப்போது 26 ஆம் திகதி அதிகாலை 2.56. அந்த மாதத்தில் நம்மிற் பலர் செட்டிகுளத்து முகாம்களில் இருந்தோம். எனக்கு அந்தச் செய்தி பல நாள் பிந்தி, சாமான் சுற்றிவந்த ஒரு பத்திரிகைத் துண்டிலேயே கிடைத்தது. ஆகவே திகதி எழுதும்போது, நிகழ்ந்த ஊரின் திகதியையே எழுதுவது முறை. கார்தெல் இறந்த அந்தப் பிற்பகலிலும் நமது ஊரில் நள்ளிரவு தாண்டி 25 ஆம் திகதி பிறந்திருந்தது.

கேள்வி: கண்ணதாசன், விசுவநாதன் என்றே எல்லோரும் சொல்கிறீர்கள். ராமமூர்த்தியை மறப்பது நியாயமா?
— ஓய்வுபெற்ற ஓர் அஞ்சல் ஊழியர், நெடுங்கேணி

பதில்: நியாயமில்லை, ஐயா. பிறந்தநாள் பொருத்தம் இருவரை முன்னால் நிறுத்தி மூன்றாமவரை மறைத்துவிடுகிறது. திருச்சியைச் சேர்ந்த டி.கே. ராமமூர்த்தி தேர்ந்த வயலின் கலைஞர், விசுவநாதனைவிட மூத்தவர். 1952 இல் வந்த ‘பணம்’ தொடக்கம் 1965 இல் வந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ வரை இருவர் பெயரும் சேர்ந்தே திரையில் வந்தன. ‘பாவ மன்னிப்பு’, ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’ ஆகிய மூன்றும் ஒரே ஆண்டில், 1961 இல், அந்தச் சோடி தந்தவை. அவற்றில் வயலின்கள் குரலுக்கு இடம்விட்டு ஒதுங்கும் இடங்களையும், குரல் ஓய்ந்ததும் வந்து தாங்கும் இடங்களையும் கவனித்துக் கேளுங்கள். அவர் 2013 இற் காலமானார். உங்கள் கடிதத்தைக் கண்டபின், முதற் பதிலில் அவர் பெயரைச் சேர்த்து எழுதினேன்.

கேள்வி: சைக்கிள் பெடலைச் சுற்றி வானொலி கேட்டதாக அப்பப்பா சொல்கிறார். இதெல்லாம் நடக்கக்கூடியதா? அப்படிக் கஷ்டப்பட்டுப் பாட்டுக் கேட்க வேண்டுமா?
— பத்தாம் தர மாணவி, ஒட்டுசுட்டான்

பதில்: பிள்ளை, அப்பப்பா சொன்னது முழுவதும் உண்மை. 1990 இற்குப் பின், போர்க்காலத்தில், வன்னிக்கு மின்சாரம் இருக்கவில்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாக இருந்தது. சைக்கிள் டைனமோ ஏறத்தாழ 6 வோல்ற்று மின் தரும். ஒன்றரை வோல்ற்றுப் பற்றரி நான்கு போட்டு இயக்கும் வானொலிக்கும் வேண்டியது அதுவே. டைனமோவில் வருவது ஆடலோட்டம், வானொலிக்கு வேண்டியது நேரோட்டம் என்பதால், பழுதான பெட்டிகளிலிருந்து கழற்றிய நான்கு டயோட்டுகளை இடையிற் பற்றவைப்போம். நீங்கள் பாடப்புத்தகத்தில் இருவாயி என்று படிப்பது அதைத்தான்.

எங்கள் வீட்டில் சைக்கிளை முற்றத்தில் தலைகீழாக நிறுத்தி, சாக்கொன்றை மடித்து ஆசனத்தின் கீழ் வைத்திருந்தோம். டைனமோவின் தலை ரயரில் உரசும் சத்தம் பாட்டோடு சேர்ந்தே கேட்கும். கை சோர்ந்தால் குரல் தேய்ந்து, பிறகு இல்லாமலே போகும். ஒரு யூன் 24 மாலை, கவிஞரின் பிறந்தநாள் என்று திருச்சி வானொலியில் அவருடைய பாடல்களைத் தொடர்ந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். ‘பாலும் பழமும்’ படத்துப் பாட்டொன்றின் நடுவில், பெடல் சுற்றிக்கொண்டிருந்த தம்பி கையை மாற்றப்போய்ச் சில்லு நின்றுவிட்டது. அடுப்படியில் இருந்த அம்மா, அகப்பையைக் கையில் வைத்தபடியே, விட்ட சொல்லிலிருந்து பாட்டைத் தொடர்ந்தார். தம்பி மறுபடி சுற்றி வானொலி உயிர்த்தபோது அம்மா அரையடி முந்தியிருந்தார்; சற்றே நிறுத்தி, பாடகி வந்துசேரும்வரை காத்திருந்து, சரணத்தை அவரோடு சேர்ந்து பாடி முடித்தார்.