எல்லோரும் ஆடும் விளையாட்டை நாமும் வாங்கலாமா? வீடியோ கேம் குறித்த வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்கள் பலவற்றிலும் ஒரே கேள்விதான் வெவ்வேறு உருவங்களில் இருந்தது: இப்போது மக்கள் எதை விரும்பி ஆடுகிறார்கள், அதற்கு நானும் பணம் கொடுக்கலாமா? கேள்வியின் முதல் பாதிக்குப் பதில் சொல்வது எளிது. இரண்டாம் பாதிக்கு, உங்களிடம் இருக்கும் கருவி என்ன, ஒரு நாளில் உங்களுக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு, பிடிக்காவிட்டால் பணம் திரும்ப வருமா என்ற மூன்றையும் பார்த்த பிறகே பதில் சொல்ல முடியும்.

கேள்வி: என்னிடம் இருப்பது கடைக் கணக்கு எழுதுவதற்காக ஐந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய லேப்டாப், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. இரவில் ஒரு மணி நேரம் ஆட வேண்டும், அவ்வளவுதான். அக்காள் மகன் சொல்லும் விளையாட்டுகள் எல்லாம் 100 ஜிபிக்கு மேல் இடம் கேட்கின்றன. எனக்கு வழி உண்டா?
(வாசகர், திருப்பூர்)

பதில்: தாராளமாக உண்டு. அண்மை ஆண்டுகளில் அதிகம் பேசப்பட்ட விளையாட்டுகளில் சில, உங்கள் லேப்டாப்பிலேயே ஓடக்கூடிய சிறிய விளையாட்டுகள்.

முதலில் நான் சொல்வது பலாட்ரோ. 2024 பிப்ரவரியில் வெளிவந்த இதைக் கனடாவைச் சேர்ந்த ஒரே ஒருவர், தம் இயற்பெயரை வெளியிடாமல், உருவாக்கினார்; கணினியில் இது அடைத்துக்கொள்ளும் இடம் ஏறத்தாழ 150 எம்பி. போக்கர் சீட்டுதான் அடிப்படை என்றாலும், போக்கர் தெரியாதவரும் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார். கையில் எட்டுச் சீட்டு இருக்கும். அவற்றிலிருந்து இரண்டு ராஜாக்களை இறக்குகிறீர்கள் என்று வையுங்கள்: ஜோடிக்கு 10, ராஜாவுக்குப் பத்துப் பத்தாக 20, ஆக 30, ஜோடிக்குரிய பெருக்கம் 2 என்பதால் மதிப்பெண் 60. முதல் சுற்றில் 300 எடுக்க வேண்டும். நான்கு முறைதான் சீட்டு இறக்கலாம். ஆனால் பெருக்கத்தில் 4 கூட்டும் சாதாரண ஜோக்கர் ஒன்று மேசையில் இருந்தால், அதே இரண்டு ராஜாக்கள் 180 தருகின்றன. இப்படி 150 வகை ஜோக்கர்கள் இருக்கின்றன. எதை எதனோடு சேர்த்தால் கணக்கு எகிறும் என்று தேடுவதுதான் விளையாட்டு. ஒரு மணி நேரம் ஆட உட்கார்ந்தவர் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் எழுவார் என்பது ஒன்றே நான் இதில் காணும் குறை.

சீட்டு என்றவுடன் வீட்டில் முகம் சுளிப்பார்கள் என்றால், இதில் பந்தயமோ உண்மைப் பணமோ கிடையாது என்பதை எடுத்துச் சொல்லுங்கள். ஐரோப்பாவின் வயதுத் தரச்சான்று அமைப்பான பெகிகூட இதைச் சூதாட்டம் போலக் கருதி 18 வயது முத்திரை குத்தியது. மேல்முறையீட்டுக்குப் பிறகு 2025 பிப்ரவரியில் அதை 12 ஆகக் குறைத்தது.

அடுத்தது ஸ்டார்டியூ வேலி. தாத்தா விட்டுச்சென்ற தோட்டத்தில் பயிர் வைத்து, மீன் பிடித்து, ஊராரோடு பழகும் இந்த விளையாட்டை எரிக் பரோன் என்பவர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனியாக உழைத்து 2016இல் வெளியிட்டார். வாங்குபவர் பார்வையில் இதன் பெருமை வேறு: 2024 மார்ச்சில் வந்த 1.6 பதிப்பு உட்பட, பெரிய புதுப்பிப்புகள் எல்லாவற்றையும் முன்பே வாங்கியவர்களுக்கு அவர் இலவசமாகவே கொடுத்தார்.

ஹாலோ நைட்: சில்க்சாங் பெயரையும் அக்காள் மகன் சொல்லியிருப்பார். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இயங்கும் சிறு குழு 2019இல் அறிவித்து, 2025 செப்டம்பர் 4 அன்று வெளியிட்ட இந்த விளையாட்டை வாங்க மக்கள் ஒரே நேரத்தில் முண்டியடித்ததில் இணையக் கடைகளே சற்று நேரம் திணறிப்போயின. அழகிலும் இசையிலும் குறை சொல்ல இடமில்லை. ஆனால் இது மிகக் கடினமானது. ஒரே எதிரியிடம் இருபது முறை தோற்பதற்குப் பொறுமை வேண்டும். வேலை முடிந்து களைத்து வருகிறவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விருப்பமிருந்தால், 2017இல் வந்த முதல் பாகத்தைத் தள்ளுபடியில் வாங்கி, அது ஒத்துவருகிறதா என்று பாருங்கள்.

2025ஆம் ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கான விருதைத் தி கேம் அவார்ட்ஸ் விழாவில் வென்ற கிளேர் ஆப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33 போன்றவற்றுக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு தேவை. லேப்டாப்பை மாற்றும்போது அவற்றைப் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: எல்லோரும் புகழ்ந்த பால்டர்ஸ் கேட் 3 விளையாட்டை ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கினேன். காட்சிகள் திக்கித் திக்கி ஓடுகின்றன. சரிசெய்து பார்த்துக்கொண்டிருந்ததில் மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்டால் மறுக்கிறார்கள். இது நியாயமா?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: ஸ்டீம் கடையின் விதி வெளிப்படையானது: வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், காரணம் எதுவானாலும் பணம் திரும்பக் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால், அந்த இரண்டு மணி நேரம் விளையாட்டு திறந்திருக்கும் நேரத்தைக் குறிக்கிறது. இடைநிறுத்திவிட்டுச் சாப்பிடப் போன நேரமும், அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்த நேரமும் அதில் சேரும். நீங்கள் குறிப்பிடும் விளையாட்டில் நம் பாத்திரத்தின் முகம், குலம், தொழில் ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கும் திரையிலேயே முக்கால் மணி நேரம் கழிவது புதிதல்ல. இந்த விளையாட்டு 150 ஜிபி இடத்தை, அதுவும் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தில், கேட்கிறது என்பதைக் கடையின் பக்கத்திலேயே குறிப்பிட்டிருக்கிறார்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் போட்டிருந்தால் திக்கலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். முதலில் அதைச் சரிபாருங்கள்.

எல்லை தாண்டியவர்களும் கோரிக்கை வைக்கலாம், பரிசீலிப்போம் என்று அந்த நிறுவனமே தன் விதிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. உங்கள் முதல் கோரிக்கையில் காரணத்தை ஒரே சொல்லில் எழுதியிருந்தால், இப்போது உங்கள் கணினியின் விவரம், எந்த இடத்தில் எப்படித் திக்குகிறது, என்னென்ன மாற்றிப் பார்த்தீர்கள் என்பவற்றைத் தெளிவாக எழுதி இன்னொரு முறை அனுப்புங்கள். கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, கேட்பதில் தவறில்லை.

இனி வாங்கும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வாக இருக்கும் நாளில், விளையாட்டு முழுவதும் இறங்கிய பிறகே திறந்து, தோற்றம் செதுக்குவதைத் தள்ளிவைத்து, நேராகக் கூட்டமும் சண்டையும் உள்ள காட்சிக்குப் போய்ச் சேருங்கள். ஒன்றரை மணி நேரம் ஆகும்போது, வைத்துக்கொள்வதா திருப்புவதா என்று முடிவெடுங்கள்.

எல்லாக் கடைகளிலும் இதே விதி என்று எண்ணிவிடக் கூடாது. எபிக் கடையிலும் 14 நாள், இரண்டு மணி நேரம்தான். ஜிஓஜி கடையில் 30 நாள் அவகாசம் உண்டு. பிளேஸ்டேஷன் கடையிலோ 14 நாள் என்று இருந்தாலும், பதிவிறக்கம் தொடங்கிவிட்டால் உரிமை போய்விடும். வாங்கியவுடன் தானாகப் பதிவிறங்கும் வசதி உங்கள் விளையாட்டுப் பெட்டியில் (கன்சோலில்) இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் நிறுத்திவிட்டு வாங்குங்கள்.

முன்பதிவு செய்யலாமா என்றும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். சைபர்பங்க் 2077 விளையாட்டு 2020 டிசம்பர் 10 அன்று வெளியாகி, பழைய பெட்டிகளில் ஓட முடியாமல் தடுமாறியதால், எட்டே நாளில் சோனி தன் கடையிலிருந்து அதை அகற்றிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தது. பின்னாளில் அது நன்றாகச் சீர்செய்யப்பட்டது. காத்திருந்தவர்கள் குறைந்த விலையில் நல்ல சரக்கை வாங்கினார்கள். இணையத்தில் பதிவிறக்கும் பொருள் தீர்ந்துபோவதில்லை, ஆகவே முந்திக்கொள்ள வேண்டிய அவசியம் எனக்கு விளங்குவதேயில்லை.

கேள்வி: திருமணமாகி ஓராண்டு ஆகிறது. நானும் கணவரும் சேர்ந்து ஆடுவதற்கு ஒன்று சொல்லுங்கள். இரண்டு பிரதி வாங்க வேண்டுமா?
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: ஒன்று போதும். இட் டேக்ஸ் டூ (2021), ஸ்ப்ளிட் ஃபிக்‌ஷன் (2025) ஆகிய இரண்டும் இருவர் சேர்ந்து ஆடுவதற்கென்றே ஸ்வீடன் நாட்டு ஹேஸ்லைட் நிறுவனம் உருவாக்கியவை. தனியாக ஆடவே முடியாது. ஒரே வீட்டில் திரையைப் பாதியாகப் பிரித்து ஆடலாம். ஒருவர் வெளியூரில் இருந்தால், ஒருவர் வாங்கினால் போதும். மற்றவர் நண்பர் அனுமதி (ஃப்ரெண்ட்ஸ் பாஸ்) என்ற இலவசப் பதிப்பை இறக்கிச் சேர்ந்துகொள்ளலாம். இரண்டு கன்ட்ரோலர் வாங்கும் செலவை மட்டும் கணக்கில் வையுங்கள். முதலாவதின் கதை விவாகரத்து செய்யத் தீர்மானித்த ஒரு தம்பதியைப் பற்றியது என்பதால், புதுமணத் தம்பதிக்கு இரண்டாவதையே முதலில் சொல்வேன்.

கேள்வி: ரிச்சி தெருவில் நின்டெண்டோ ஸ்விட்ச் 2 என்ற விளையாட்டுப் பெட்டியை விசாரித்தேன். கடைக்குக் கடை விலை மாறுகிறது. வாங்கலாமா? அதில் செருகும் விளையாட்டுக் கார்டை வாங்கினால் விளையாட்டு முழுவதும் அதில் இருக்கும் அல்லவா?
(வாசகர், சென்னை)

பதில்: 2025 ஜூன் 5 அன்று பல நாடுகளில் விற்பனைக்கு வந்த ஸ்விட்ச் 2, இந்தியாவில் நின்டெண்டோவால் நேரடியாக விற்கப்படுவதில்லை. இங்கு கிடைப்பவை வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்டவை. விலை மாறுவதற்குக் காரணம் அதுதான். பழுதானால் நிறுவனத்தின் சேவை மையம் என்று போய் நிற்க இடமில்லை. எனவே கடைக்காரர் வாயால் சொல்லும் உத்தரவாதத்தை, வரிசை எண்ணோடு பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

பயன்படுத்திய பெட்டியை வாங்குவதில் இன்னும் ஓர் ஆபத்து உண்டு. திருட்டுப் பிரதிகளை ஓட்டும் கார்டுகளைப் பயன்படுத்திய பெட்டிகளை நின்டெண்டோ தன் இணையச் சேவையிலிருந்து விலக்கிவிடுகிறது. அப்படி விலக்கப்பட்ட பெட்டி வெளித்தோற்றத்தில் புதிது போலவே இருக்கும். கடையிலேயே வைஃபையில் இணைத்து, கணக்கில் நுழைந்து, இணையக் கடை திறக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

கார்டு பற்றிய உங்கள் ஐயம் சரியானது. ஸ்விட்ச் 2 விளையாட்டுகள் சிலவற்றின் கார்டில் விளையாட்டே இருக்காது. இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள உரிமை தரும் திறவுகோல் மட்டுமே இருக்கும். கார்டு வரும் உறையின் முன்பக்கத்தில், கீழ்ப்பகுதியில், சாவிப் படத்துடன் இதை அச்சிட்டிருப்பார்கள். கார்டும் வேண்டும், இணையமும் வேண்டும், உள்நினைவகத்தில் இடமும் வேண்டும் என்றால் கார்டின் பயன் பாதியாகிறது. பிறகு விற்றுவிடலாம் என்பது மட்டுமே மிச்சம்.

பெட்டியை எந்த நிறுவனத்துடையதாக வாங்கினாலும் மறுவிற்பனையை நினைத்துப் பாருங்கள். பிளேஸ்டேஷன் 5இல் டிஸ்க் போடும் வசதி உள்ளதற்கும் இல்லாததற்கும் விலை வேறுபாடு உண்டு. ஆடி முடித்த டிஸ்க்கை விற்று அடுத்ததை வாங்குகிறவருக்கு அந்தக் கூடுதல் விலை சில விளையாட்டுகளிலேயே திரும்பி வந்துவிடும். டிஸ்க் இல்லாத பெட்டியில் ஒரே ஒரு கடைதான், அவர்கள் சொல்வதுதான் விலை.

கேள்வி: ஓர் இணையதளத்தில் புதிய விளையாட்டை நம் கணக்கில் சேர்க்கும் குறியீட்டு எண் பாதி விலைக்குக் கிடைக்கிறது. நம்பலாமா?
(வாசகர், ஈரோடு)

பதில்: நானும் ஒருமுறை நம்பினேன். மூன்று வாரம் ஆடினேன். ஒரு காலையில் விளையாட்டு என் கணக்கிலிருந்து காணாமல் போயிருந்தது. அந்த எண்ணைத் திருடிய கடன் அட்டையில் எவரோ வாங்கியிருந்ததால் ரத்து செய்துவிட்டார்கள். விற்றவர் பதில் எழுதவில்லை. ஸ்டீம் கடையிலேயே ஆண்டுக்கு நான்கு பெரிய தள்ளுபடிகள் வருகின்றன, காத்திருங்கள்.

கேள்வி: மகன் என் போனில் ஆடுவது இலவச விளையாட்டுதான். ஆனால் என் கணக்கிலிருந்து 2,400 ரூபாய் போய்விட்டது.
(வாசகி, திண்டுக்கல்)

பதில்: உலகம் முழுவதும் மிக அதிகம் பேர் ஆடும் கவுன்டர் ஸ்டிரைக் 2, டோட்டா 2, நம் ஊர்ப் பிள்ளைகள் போனில் ஆடும் பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) எல்லாமே நுழைவுக்கு இலவசம்தான்; துப்பாக்கியின் வண்ணம், உடை, உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் வாங்கும் அதிர்ஷ்டப் பெட்டி ஆகியவற்றை உள்ளே விற்கிறார்கள். கூகுள் பிளே வழியாகப் போன பணமானால், 48 மணி நேரத்துக்குள் கோரினால் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு அதிகம், இன்றே அனுப்புங்கள். பிறகு, ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி அமைப்பை மாற்றுங்கள். வாங்காமல் திரையை விட்டு வெளியேற முடியாதபடி வைத்திருந்தார்கள் அல்லது 'இன்னும் ஐந்து நிமிடம்தான்' என்று பொய்யாக அவசரப்படுத்தினார்கள் என்றால், திரையைப் படமெடுத்து வைத்து, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். 2023 நவம்பர் 30 அன்று மத்திய அரசு அறிவித்த வழிகாட்டு நெறிகள் இத்தகைய 13 ஏமாற்று உத்திகளைப் பெயர் சொல்லித் தடை செய்கின்றன.

கேள்வி: தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய வெண்பா என்ற சமையல் விளையாட்டை வாங்க ஆசை. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுமாமே? அந்த விலைக்குத் தகுமா?
(வாசகி, புதுச்சேரி)

பதில்: முடிந்துவிடும், உண்மைதான். டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட இந்த விளையாட்டு, 1980களின் இறுதியில் கனடாவில் குடியேறிய வெண்பா, அவள் கணவன், அவர்கள் மகன் ஆகியோரின் வாழ்க்கையைச் சமையலறை வழியாகச் சொல்கிறது. முதல் சமையல் இட்லி. அம்மா கொடுத்தனுப்பிய குறிப்பேடு கறைபட்டுக் கிழிந்திருக்கிறது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்க வேண்டும் என்ற வரி படிக்க முடியாமல் போயிருக்க, ஆடுபவர்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். நம் வாசகியருக்கு இந்த இடம் புதிராகவே தோன்றாது. அப்புறம் வரும் சில இடங்கள் தோன்றும். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பின் சிறந்த முதல் படைப்பு விருதைப் பெற்றது.

மணிக்கு எத்தனை ரூபாய் என்று கணக்குப் போட்டால் பலாட்ரோவுக்கு முன் இது நிற்காது. கனடாவிலோ சிங்கப்பூரிலோ பிள்ளைகள் இருக்கும் பெற்றோர் அந்தக் கணக்கைப் போட மாட்டார்கள் என்று நினைக்கிறேன். நான் முழு விலைக்கே வாங்கினேன். இரண்டு மணி நேரத்துக்குள் முடிவதால், முழுவதும் ஆடிவிட்டுப் பணத்தையும் திரும்பப் பெற ஸ்டீம் விதி இடம் கொடுக்கிறதே என்று இன்னொரு வாசகர் சாமர்த்தியமாகக் கேட்டிருந்தார். விதி இடம் கொடுக்கிறது. வயிறாரச் சாப்பிட்டுவிட்டு இலையைக் காட்டிக் காசைத் திருப்பிக் கேட்பதற்கு உங்களுக்கு மனம் வந்தால் கேளுங்கள்.